கருப்பு இங்க நியூட்ரல் இல்லீங்க தம்பி

பெருந்துறைப் பக்கமிருந்து டெக்சாஸ் வந்த ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, வீடு வாங்கியாச்சு. ஊர்ல இருந்து கொண்டு வந்த கிரைண்டருக்குச் சமையக்கட்டு மேடையில பாயிண்ட் பத்தலை. பக்கத்துப் பாயிண்ட்ல இருந்து நானே வயர் இழுத்துக்கலாமா? தோட்டத்து மோட்டார் ரூம் வேலையெல்லாம் நான்தான் பாப்பேன். அப்படியே ஸ்கூல், கார் இன்சூரன்ஸ் பத்தியும் சொல்லுங்க."

ஸ்கூலும் இன்சூரன்ஸும் சொல்றதுக்குப் பொங்கல் விழாவுல நாப்பது பேர் வரிசையில நிப்பாங்க, அவங்களக் கேட்டுக்குங்க. மோட்டார் ரூம் வேலை தெரியும்னீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயம். ஒண்ணும் தெரியாதவன் தொடமாட்டான். பீஸ் கேரியர்ல கம்பி கட்டிப் பழகின கைதான் பொசுக்குனு வயரைப் புடிக்கும்.

ஊர்ல சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. இங்க கருப்புதான் பேஸு. வெள்ளை நியூட்ரல். எர்த்து பச்சை, இல்லீன்னா வெறும் செம்புக்கம்பி. பழைய வீட்டுல சுவிட்சுக்கு இறங்கற வெள்ளையில கூட கரண்ட் இருக்கும். அதனால கலரை நம்பாம, வோல்ட் அளக்கற மல்டிமீட்டரை நம்போணும். ஊர் டெஸ்டரைப் பொட்டியில போடுங்க, 120 வோல்ட்டுக்கு அது மங்கலா எரியறது பகல்ல கண்ணுக்கே தெரியாது. இன்னொண்ணு, இங்க பிளக் பாயிண்ட்டுக்குச் சுவிட்ச் கிடையாது, எப்பவும் உசுரோடதான் இருக்கும். பிரேக்கரை, அதான் நம்மூர் எம்சிபியை, இறக்கிட்டு, மீட்டரை முதல்ல கரண்ட் இருக்கற வேற பாயிண்ட்ல வெச்சு அது வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அப்பறம் இங்க வெச்சுப் பாருங்க.

நம்ம ஆளுங்கள்ல ரெண்டு ரகம். பல்பு மாத்தக்கூட ஆள் கூப்படறவங்க ஒண்ணு. வீடியோ பாத்துட்டு, பர்மிட் வாங்காம வீடு பூரா இழுத்துட்டு, விக்கற அன்னிக்கு இன்ஸ்பெக்சன்ல முழிக்கறவங்க இன்னொண்ணு. நீங்க இந்த ரெண்டுல எதுலயும் சேராதீங்க. சொந்த வீட்டுல தானே செய்யறதுக்குப் பல ஊர்ல பர்மிட் குடுப்பாங்க, சிட்டி ஆபீஸ்ல கேளுங்க. வாடகை வீடுன்னா தொடவே கூடாது. வீடு 1965-க்கும் 1973-க்கும் நடுவுல கட்டினதா இருந்து, உள்ள அலுமினியக் கம்பி தெரிஞ்சா மூடி வெச்சுட்டு எலக்ட்ரீசியனைக் கூப்புடுங்க.

சமையல் மேடைக்கு 20 ஆம்ப் பிரேக்கர். அதுக்கு 12 கேஜ் கம்பி, மஞ்சள் உறை போட்டு வரும். கேஜ்ங்கறது கம்பி தடிமன், நம்பர் கூடினா கம்பி மெல்லிசு. வெள்ளை உறை 14 கேஜ், அது 15 ஆம்புக்குத்தான். மலிவா இருக்குதுன்னு 14-ஐ 20-ல மாட்டினா பிரேக்கர் விழறதுக்கு முன்னால கம்பி சூடாயிரும். சுவத்துக்குள்ள கட்டை பெரும்பாலும் 16 இஞ்சுக்கு ஒண்ணு நிக்கும். ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்கற அதே சந்துலயே புதுப் பாயிண்ட் வந்தா பாதி வேலை மிச்சம். கட்டையைத் துளைச்சா ஓட்டையில இருந்து கட்டை ஓரத்துக்கு ஒண்ணேகால் இஞ்சு இருக்கோணும், இல்லீன்னா இரும்புத் தகடு அடிச்சிருங்க.

எல்லாரும் கோட்டை விடறது, பழைய பாயிண்ட்டுக்குப் பின்னால சுவத்துல இருக்கற பாக்ஸ்லதான். 12 கேஜ் கம்பி ஒண்ணுக்குப் பாக்ஸ்ல 2.25 கன இஞ்சு இடம் கணக்கு. ரெண்டு கேபிள் வந்தா நாலு கம்பி, எர்த்து எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு, பாயிண்ட்டுக்கு ரெண்டு, ஆக ஏழு; 15.75 ஆச்சு. உள்ள கேபிளைப் புடிச்சுக்கற கிளாம்ப் இருந்தா 18. அதைவிடச் சின்ன பாக்ஸ்ல திணிச்சு மூடினீங்கன்னா கம்பி நசுங்கி, பிற்பாடு கருகும்.

கம்பியை முக்கால் இஞ்சு சீவி, திருகு முடுக்கற திசையிலயே கொக்கி போட்டு மாட்டுங்க. பித்தளைத் திருகுல கருப்பு, வெள்ளித் திருகுல வெள்ளை, பச்சையில எர்த்து. எர்த்து வரலீன்னா நியூட்ரலை எர்த்துல ஒரு கம்பி போட்டுச் சேத்தற வேலை மட்டும் வேண்டாங்க. நியூட்ரல் எங்கயாச்சும் விட்டுப் போச்சுன்னா கிரைண்டர் உடம்பு பூரா 120 வோல்ட் ஏறும்.

மேடைப் பாயிண்ட்டுக்கு ஜிஎஃப்சிஐ, அதான் கரண்ட் கசிஞ்சா உடனே அணைச்சு விடறது, கட்டாயம். ஊர்ல அதே வேலை பாக்கற வீட்டு ஆர்சிசிபி 30 மில்லிஆம்ப் கசிவுக்கு விழும், இது 4-லிருந்து 6-க்கே விழுந்துரும். பழைய பாயிண்ட் ஜிஎஃப்சிஐயா இருந்தா மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கற லோடு (அடுத்த பாயிண்ட்டுக்குக் கரண்ட் போற) பக்கத்துல இருந்து புதுசுக்கு எடுங்க. புதுசு சாதாப் பாயிண்ட்டே போதும். முடிச்சதும் கருப்பு–வெள்ளை 120, கருப்பு–எர்த்து 120, வெள்ளை–எர்த்து கிட்டத்தட்ட சைபர் காட்டோணும்.

இவ்வளவும் பண்ணினாலும் அந்தக் கிரைண்டர் இதுல ஓடாதுங்க. 230 வோல்ட் மோட்டார் 120-ல முக்கிக்கிட்டு நின்னு சூடாயிரும். டிரான்ஸ்பார்மர் வெச்சா வோல்ட் ஏறும், ஹெர்ட்ஸ் மாறாது. 50-க்குச் செஞ்ச மோட்டார் 60-ல அஞ்சுல ஒரு பங்கு வேகமாச் சுத்தி மாவைச் சூடாக்கும். நாங்க வந்த காலத்துல கல்லைத் துணியில சுத்திப் பொட்டியில தூக்கிட்டு வந்தாங்க, வேற வழியில்லை. இப்ப 110 வோல்ட்டுக்கே கோயமுத்தூர்ல செஞ்சு அனுப்பறாங்க. வாங்கறப்ப மோட்டார்ல 60 ஹெர்ட்ஸ்னு அச்சு இருக்குதான்னு பாத்துக்குங்க, பிளக்கை மட்டும் மாத்தி விக்கறவங்களும் இருக்காங்க.