அசல் எது, மறுவெளியீடு எது? சோல், ஃபங்க் இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

சோல், ஃபங்க் இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. 1960கள், 70களின் அந்தத் தட்டுகளையும், பல பாட்டுகளை ஒரே பெட்டியில் தொகுத்த பாக்ஸ் செட்டுகளையும் சேர்ப்பவர்கள் கேட்டவை இங்கே.

கே: புதிதாகத் தொடங்குகிறேன் அண்ணா. அசல் தட்டுகளைத் தேடிப் போவதா, பாக்ஸ் செட் வாங்கிவிடுவதா?

முதலில் பாக்ஸ் செட். 1960களின் சோல் பெரும்பாலும் ஏழு அங்குல நாற்பத்தைந்துக்காக (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும், பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிங்கிள் தட்டு) செய்த இசை. மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும். அந்தக் கால எல்பிகள் (பல பாட்டு கொண்ட பெரிய தட்டுகள்) பலவற்றில் இரண்டு ஹிட் பாட்டு இருக்கும், மீதியை இட்டு நிரப்பியிருப்பார்கள். அதனால் சிங்கிள்களை வரிசையாகத் தொகுத்த பெட்டியில் ஆரம்பிப்பதே நல்லது.

டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனிக்கு 1992இல் வந்த 'ஹிட்ஸ்வில் யுஎஸ்ஏ': 4 சிடி, 104 பாட்டு. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனிக்கு 1991இல் வந்த 'கம்ப்ளீட் ஸ்டாக்ஸ்/வோல்ட் சிங்கிள்ஸ் 1959–1968': 9 சிடி, 244 பாட்டு. சோலுக்குள்ளிருந்து ஃபங்க் எப்படிக் கிளம்பியது என்று காதாலேயே பின்தொடர ஜேம்ஸ் பிரவுனின் 'ஸ்டார் டைம்': 1991, 4 சிடி, 71 பாட்டு. மூன்றையும் நிதானமாகக் கேளுங்கள். எந்தப் பாட்டு உங்களை விடாமல் பிடித்துக்கொள்கிறதோ, அதன் அசல் நாற்பத்தைந்தை மட்டும் தேடுங்கள். பணமும் மிஞ்சும், அலமாரியும் மூச்சு விடும்.

கே: 'கம்ப்ளீட் மோட்டவுன் சிங்கிள்ஸ்' பெட்டிகள் சில, ஏற்கெனவே வைத்திருந்தவர்களிடமிருந்து விற்பனைக்கு வந்திருக்கின்றன. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

2005 முதல் 2013 வரை 14 பெட்டிகளாக வந்த தொடர் அது. 1959 முதல் 1972 வரையிலான சிங்கிள்கள், பி பக்கங்களோடு (மறுபக்கப் பாட்டுகளோடு). ஒவ்வொன்றும் கெட்டி அட்டைப் புத்தகம் மாதிரி இருக்கும், முன் அட்டையில் உண்மையான ஒரு நாற்பத்தைந்து செருகியிருக்கும். கைமாறும் பெட்டிகளில் முதலில் காணாமல் போவது அந்தத் தட்டுதான். அது இருக்கிறதா என்று படம் கேட்டு வாங்குங்கள். அட்டைப் பைக்குள்ளிருந்து சிடியை இழுத்து இழுத்து மெல்லிய கீறல் விழுந்திருக்கும். அது பெரும்பாலும் ஓட்டத்தைப் பாதிக்காது. முதுகு பிளந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கே: ஸ்டாக்ஸ் பெட்டிகள் மட்டும் ஏன் வேறு வேறு கம்பெனி பெயரில் வருகின்றன? முதல் பெட்டி அட்லாண்டிக், அடுத்தவை ஃபேண்டஸி. குழப்பமாக இருக்கிறது சார்.

இதற்குப் பின்னால் ஒரு வலி மிகுந்த ஒப்பந்தம் இருக்கிறது. மெம்ஃபிஸில் ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் இருவரும் வளர்த்த சிறு கம்பெனி ஸ்டாக்ஸ். விநியோகம் நியூயார்க்கின் அட்லாண்டிக். 1968இல் உறவு முறிந்தபோதுதான், விநியோகித்த தட்டுகளின் மாஸ்டர்கள் (மூல ஒலிப்பதிவுகள்) அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது தெரியவந்தது. ஓடிஸ் ரெடிங்கின் பாடல்கள் உட்பட எல்லாம் கைவிட்டுப் போயின. புதிதாகத் தொடங்கிய ஸ்டாக்ஸும் 1975 இறுதியில் திவாலானது. அந்த இரண்டாம் காலத்து மாஸ்டர்கள் பின்னர் ஃபேண்டஸிக்குப் போயின. ஆகவே முதல் பெட்டி 1968 வரை அட்லாண்டிக்கிடமிருந்து, அடுத்த இரண்டும் 1968–71, 1972–75 என ஃபேண்டஸியிடமிருந்து.

தட்டின் நடுவிலுள்ள லேபிளைப் பார்த்தாலே இந்தப் பிளவு தெரியும். 1968 வரை வெளிர் நீல லேபிள், தட்டுகளை அடுக்கிவைத்த சின்னம். அதன் பிறகு மஞ்சள் லேபிள், விரல் சொடுக்கும் கை. 1966இல் வந்த பாட்டு மஞ்சள் லேபிளில் இருந்தால் அது பிற்கால அச்சு. 1991 பெட்டியில் பி பக்கங்கள் பல விடுபட்டிருந்தன. விடுபட்டவற்றில் நிறைய 2018இல் 6 சிடி கொண்ட நான்காம் தொகுப்பாக வந்தன.

கே: அசல் அச்சு என்று சொல்லி விற்கிறார்கள். உறையைப் பார்த்தால் பழசாகத்தான் இருக்கிறது. எப்படி உறுதி செய்வது?

உறையை விடுங்கள், உறை மாறிப்போகும். கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வெறுமையான ஒரு வளையம் இருக்கிறதே, டெட் வேக்ஸ், அதைப் படியுங்கள். தட்டை மேசையில் வைத்து, செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடியுங்கள். தட்டை மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் எழுத்து பளிச்சென்று எழும்பும்.

முதலில் மேட்ரிக்ஸ் எண், அதாவது அச்சுக்கான மூலத் தட்டின் அடையாள எண்: லேபிளில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். அடுத்து அச்சகத்தின் அடையாளம். மோட்டவுன் நாற்பத்தைந்துகளில் 'ஏஆர்பி' என்று முத்திரை இருந்தால், மிச்சிகன் மாநிலத்தின் ஒவாசோ ஊரில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங் அச்சகம். அது 1972இல் தீயில் அழிந்தது, ஆகவே அந்த முத்திரை அதற்குப் பிந்திய அச்சில் வர வாய்ப்பில்லை. வட்டத்துக்குள் 'எம்ஆர்', பக்கத்தில் சிறு முக்கோணமும் ஓர் எண்ணும் என்றால் லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க். அந்த முக்கோண எண் வேலை வந்த வரிசையில் ஏறிக்கொண்டே போனது, அதைக் கொண்டு மாதக் கணக்கில்கூடக் காலத்தை நெருங்கலாம். 'பெல் சவுண்ட்' என்ற முத்திரை, அச்சுக்கான மூலத் தட்டில் பள்ளம் நியூயார்க்கில் வெட்டப்பட்டதைச் சொல்லும். அட்லாண்டிக் தட்டுகளில் லேபிளிலேயே மேட்ரிக்ஸ் எண்ணுக்குப் பின்னால் இரண்டெழுத்து வரும்: எம்ஓ மோனார்க், எஸ்பி பென்சில்வேனியாவின் ஸ்பெஷால்டி, பிஎல் மெம்ஃபிஸின் பிளாஸ்டிக் புராடக்ட்ஸ்.

கள்ள அச்சில் பெரும்பாலும் எண்ணைக் கையால் கீறியிருப்பார்கள், அச்சக முத்திரை இருக்காது. உறைப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அச்சிட்ட படத்தை மறுபடி ஸ்கேன் செய்ததால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அலையலையாகத் தெரியும். 1972 எல்பி என்று சொல்லும் உறையில் பார்கோடு இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

கே: கீறலே இல்லாத அரேத்தா ஃப்ராங்க்ளின் நாற்பத்தைந்து ஒன்று வாங்கினேன். ஓட்டினால் பாட்டு முழுக்க 'ஸ்ஸ்' என்று இரைகிறது. கழுவியும் போகவில்லை.

லேபிளில் எம்ஓ என்று இருக்கும் பாருங்கள். இருந்தால் மோனார்க் அச்சு, அது வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக். அமெரிக்க நாற்பத்தைந்துகளில் பெரும் பங்கு அதில்தான் அச்சானது.

வினைல் தட்டில் லேபிள் சூட்டோடு சேர்ந்தே அழுத்தப்படும். ஸ்டைரீனை அச்சுக்குள் பீய்ச்சி வார்த்து, லேபிளைப் பிறகு ஒட்டுவார்கள். அச்சு சீக்கிரம் தேயாது, செலவும் குறைவு. கம்பெனிகளுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் பொருள் கடினம், வளையாது, விழுந்தால் ஓரம் உடையும். விரல் நகத்தால் விளிம்பைத் தட்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டு மாதிரி 'டிக்' என்று மேலோங்கி ஒலிக்கும். லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தாலும் ஸ்டைரீன்தான்.

தேய்ந்த ஊசியோ கனமான ஊசியோ ஒரு தடவை ஓடினாலே பள்ளத்தின் சுவர் உதிர்ந்துவிடும். கண்ணுக்குப் பளபளவென்றிருக்கும், காதுக்கு இரையும். அது அழுக்கல்ல, சேதம். கழுவிப் பயனில்லை. ஸ்டைரீனுக்குக் கூம்பு முனை ஊசி போடுங்கள், கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். டிஜே மாதிரி முன்னும் பின்னும் உருட்டிப் பார்க்கவே கூடாது, தொடக்கத்திலேயே எரிந்த மாதிரி இரைச்சல் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அதே பாட்டு எஸ்பி அச்சில் வினைலாகக் கிடைக்கும். அதைத் தேடுங்கள்.

கே: 180 கிராம் எடையுள்ள தட்டில் வரும் மறுவெளியீடு நல்லதுதானே?

எடைக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லை. எந்த டேப்பிலிருந்து, யார் வெட்டினார் என்பதே கேள்வி. பின்னட்டையில் உரிமம் பெற்ற கம்பெனி பெயர், மூல டேப் பற்றிய ஒரு வரி, வெட்டிய பொறியாளர் பெயர் மூன்றும் இருந்தால் நம்பலாம்.

மூன்றும் இல்லாமல் மலிவாக வரும் ஐரோப்பிய எல்பிகளைக் கவனியுங்கள். 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அங்கே காப்புரிமை முடிந்துவிட்டது. 2013இல் காலத்தை 50லிருந்து 70 ஆண்டாக நீட்டியபோதும் அவை திரும்ப உள்ளே வரவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் ஒரு சிடியை எடுத்து வினைலில் வெட்டி விற்கலாம், சட்டப்படி தவறில்லை. ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்தச் சிடியின் ஒலியைத்தான்.

சிறு ஊர்களின் மறந்துபோன சோல் தட்டுகளுக்கு, 2003இல் சிகாகோவில் தொடங்கிய நியூமெரோ குரூப்பும் லண்டனின் ஏஸ், கென்ட் லேபிள்களும் உழைப்பவை. கூடவே வரும் சிற்றேட்டுக்காகவே வாங்கலாம்.

கே: மோனோவா, ஸ்டீரியோவா?

1967 வரை மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்). வானொலிக்கும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸுக்கும் என்று ஒலிகளைக் கலந்து அமைத்தது அதுதான். பாஸும் டிரம்ஸும் ஒரே முஷ்டியாக வந்து விழும். சில சமயம் ஒலிப்பதிவே வேறு: ஓடிஸ் ரெடிங்கின் 1965 எல்பி 'ஓடிஸ் ப்ளூ'வில் 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' மோனோவில் சிங்கிளில் வந்த பதிவு, ஸ்டீரியோவில் மறுபடி பாடிப் பதிந்தது. இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. உறையில் 'மின்னணு முறையில் ஸ்டீரியோவாக்கியது' என்று போட்டிருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். மோனோவைப் பிரித்து ஒரு பக்கம் கீழ்ஸ்தாயி, மறுபக்கம் மேல்ஸ்தாயி என்று கூட்டிவைத்த வேலை அது.

கே: ஃப்ராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' தட்டு சில ஆயிரம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. அதிர்ஷ்டமா?

மோட்டவுனின் 'சோல்' லேபிளில் 1965இல் அச்சான முன்னோட்டப் பிரதிகள் கிட்டத்தட்ட முழுக்க அழிக்கப்பட்டன. தப்பிய ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்குப் போனது. உங்களிடம் வந்திருப்பது அதுவல்ல. மோட்டவுனின் பிரிட்டிஷ் லேபிளான டாம்லா மோட்டவுன் 1979இல் முறையாக வெளியிட்ட தட்டு என்றால் வாங்குங்கள், அருமையான பாட்டு. எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் அதே பாட்டு இருந்தால், வட இங்கிலாந்தின் 'நார்தர்ன் சோல்' நடனக் கூடங்களுக்காக அடித்த கள்ள அச்சு.

கே: ஐசக் ஹேய்ஸின் 'பிளாக் மோசஸ்' உறை விரியும் என்கிறார்களே?

விரியும், அதில்தான் ஏமாற்றமும் நடக்கும். 1971இன் இந்த இரட்டை எல்பியின் உறை மடிப்பு மடிப்பாகத் திறந்து சிலுவை வடிவில் நிற்கும். உயரம் ஏறக்குறைய 4 அடி, அகலம் 3 அடி. கைகளை விரித்து, நீண்ட அங்கியில் ஹேய்ஸ். விற்பவர் மூடிய முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புவார். முழுக்க விரித்து, இரு பக்கமும் படம் கேளுங்கள். மடிப்புகள் சந்திக்கும் மூலைகளில்தான் முதலில் கிழியும். பின்புறம் செலோடேப் ஒட்டியிருந்தால் மஞ்சள் கறை அட்டைக்குள் இறங்கியிருக்கும், அது போகாது. கையில் வந்ததும் ஒருமுறை பாருங்கள், பழைய மடிப்பிலேயே மடித்து வையுங்கள். சுவரில் மாட்டாதீர்கள்.

கே: தரக் குறியீடும் விலையும்?

நியர் மின்ட் (கிட்டத்தட்டப் புதிது) 100 ரூபாய் என்றால் விஜி பிளஸ் (வெரி குட் பிளஸ்) சுமார் 50, விஜி (வெரி குட்) சுமார் 25. கண்ணால் பார்த்துப் போட்ட தரமா, ஓட்டிப் பார்த்துப் போட்டதா என்று கேளுங்கள். ஃபங்கில் விஜி போதும், டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் சிறு பொரிச்சலை விழுங்கிவிடும். மெதுவான சோல் பாட்டில் குரல் தனியாக நிற்கும் இடத்தில் ஒவ்வொரு 'டப்'பும் குத்தும், அங்கே விஜி பிளஸுக்குக் கீழே இறங்காதீர்கள். உறையின் மூலை வெட்டியிருப்பதோ ஓட்டை போட்டிருப்பதோ விற்காத சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிய அடையாளம், தட்டுக்கு ஒன்றுமில்லை.

கே: 1990 வாக்கில் வந்த பிரிட்டிஷ் சிடி பெட்டி. சிடியின் ஓரம் பழுப்பாகிறது.

அதற்கு 'பிரான்ஸிங்' என்று பெயர். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிடிஓ ஆலையில் அச்சான சிடிகள் பலவற்றில், மேல்பூச்சு உறைக் காகிதத்தின் கந்தகத்தைத் தாங்கவில்லை. ஓரத்தில் தொடங்கி உள்ளே பரவும். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதால் கடைசிப் பாட்டுகள்தான் முதலில் போகும். இன்றைக்கே கணினியில் எடுத்துவைத்து விடுங்கள். பெட்டி வாங்கும்போது லேபிள் பக்கத்தின் விளிம்பையும் உள்வளையத்தில் 'பிடிஓ' எழுத்தையும் பாருங்கள்.

கே: கடலோர ஊர், சுவரெல்லாம் ஈரம். எப்படி வைப்பது, எப்படிக் கழுவுவது?

ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் முதலில் பூஞ்சை பிடிப்பது உறைக்கு, பிறகு தட்டுக்கு. வெளிச் சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கள். பிவிசி வெளியுறை வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகத் தட்டில் மங்கலான படலம் ஏற்றும். பாலிஎத்திலீன் உறை போடுங்கள், வாயை ஒட்டாமல் விடுங்கள். நிமிர்த்தி வையுங்கள், சாய்ந்தால் வளையும். 100 எல்பி ஏறக்குறைய 25 கிலோ. மெல்லிய பலகை தொய்ந்துவிடும், ஒவ்வொரு முப்பது சென்டிமீட்டருக்கும் ஒரு தடுப்பு கொடுங்கள்.

கழுவ: காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி, ஃபிலிம் கழுவும் நனைப்பான் 3 சொட்டு. பள்ளம் ஓடும் திசையிலேயே மென்தூரிகையால் தேய்த்து, வெறும் வடிநீரில் இரண்டு முறை அலசுங்கள். அலசாவிட்டால் காய்ந்த படலம் ஊசியில் திரளும். ஸ்டைரீனுக்கு ஆல்கஹால் சேர்க்காதீர்கள், ஒட்டிய லேபிளில் தண்ணீர் படவும் விடாதீர்கள்.

கே: வெளிநாட்டிலிருந்து வரும் எல்பியின் உறை மேல்விளிம்பில் பிளந்தே வருகிறது.

தட்டு உறைக்குள்ளேயே பயணம் செய்தால் குலுங்கும்போது விளிம்பை அறுக்கும். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நாற்பத்தைந்துக்கு இருபுறமும் அட்டை, ஓர் அட்டையின் நெளிவு நெடுக்காகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும். அப்போது எந்தப் பக்கமும் மடங்காது. ஸ்டைரீன் என்றால் இருபுறமும் இரண்டிரண்டு அட்டை.