தண்ணீர் தெளிவாக இருந்தும் 15 பிபிஎம் அலாரம் ஏன்?

கேள்வி: சரக்குக் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியராக இருக்கிறேன். எண்ணெய் பிரிக்கும் ஓ.டபிள்யூ.எஸ்.ஸை ஆட்டோவில் போட்டால், கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர், கப்பலின் அடியில் சேரும் எண்ணெய்க் கழிவுநீரை (பில்ஜ்) வைக்கும் பில்ஜ் டேங்குக்கே திரும்பி வருகிறது. சாம்பிள் தெளிவாகத்தான் இருக்கிறது. சர்வீஸ்காரர் தண்ணீரில் உள்ள எண்ணெயைக் காட்டும் மீட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓ.டபிள்யூ.எஸ். சேம்பரின் மேலே இருக்கும் ப்ரோப் என்ற உணரி, சேர்ந்த எண்ணெயை உணர்ந்து அதை வெளியேற்றும் வால்வைத் திறக்கும். தண்ணீர் தொட்டதும் மூடும். உங்கள் தொல்லை அங்கே இல்லை. தண்ணீரைத் திருப்பிவிடுவது ஆயில் மீட்டர். அது எண்ணெயை நேராக அளப்பதில்லை. சின்னக் கண்ணாடிக் குழாயில் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கிறது. துருத்தூள், காற்றுக்குமிழி, கண்ணாடியில் படிந்த அழுக்கு எல்லாம் அதன் கணக்கில் எண்ணெய்தான். எண் 15 பிபிஎம்மைத் (பத்து லட்சம் பங்கில் 15 பங்கு எண்ணெய்) தாண்டினால் மூன்றுவழி வால்வு திரும்பிவிடும்.

மூடியைக் கழற்றி, கண்ணாடிக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீர் ஓடவிடுங்கள். எண் 0 பக்கம் இறங்கினால் மீட்டர் நன்றாக இருக்கிறது. சாம்பிள் பால் மாதிரி கலங்கியிருந்தால் மட்டும் பில்ஜில் ஊற்றும் சோப்பைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கெமிக்கலை விற்பவரே அடுத்த துறைமுகத்தில் ஃபில்டரும் விற்க வருவார்!

இன்னொரு யோசனையும் வரும்: "நல்ல தண்ணீர் வால்வைக் கொஞ்சம் திறந்து வை, சாம்பிள் நீர்த்துப்போய் அலாரம் அடிக்காது." கேட்காதீர்கள். 'கரீபியன் பிரின்சஸ்' கப்பலில் கடல்நீர் வால்வைத் திறந்து இதைத்தான் செய்தார்கள். ஓ.டபிள்யூ.எஸ்.ஸைத் தவிர்த்துக் கழிவைக் கடலுக்கு விடும் திருட்டுக் குழாயான மேஜிக் பைப்பும் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு இன்ஜினியர் புகார் கொடுத்தார். 2016இல் அந்தக் கப்பலின் நிறுவனமான பிரின்சஸ் குரூயிஸஸ் 4 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. உங்கள் மீட்டரும் 18 மாதப் பதிவை வைத்திருக்கும். எண்ணெய்க் கழிவை என்ன செய்தோம் என்று எழுதும் ஆயில் ரெக்கார்ட் புக்கோடு ஒத்துப்போகாவிட்டால், கையெழுத்துப் போட்டவரும் பதில் சொல்ல வேண்டும், ஆபீஸ் மட்டுமல்ல.

"10,000 டன்னுக்குக் கீழே ஆட்டோ நிறுத்தம் தேவையில்லையே" என்று யாராவது சொல்வார்கள். அது பாதி உண்மை. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போல் விதிப்படி 400 முதல் 10,000 கிராஸ் டன் வரையிலான கப்பலுக்கு, சிறப்புப் பகுதிகளுக்கு வெளியே வடிகட்டும் கருவி மட்டும் போதும். மத்தியதரைக் கடல் போன்ற சிறப்புப் பகுதிக்குள் வெளியேற்ற வேண்டுமென்றால் அலாரமும் தானாக நிற்கும் வசதியும் கட்டாயம். உங்களிடம் வசதி இருக்கும்போது அதை முடக்கிவைக்க இந்த விலக்கு உதவாது.

தேய்த்த பிறகும் எண் இறங்கவில்லையா? சரி, அப்போது மாற்றுங்கள். மீட்டரைச் சோதிக்காமலே சர்ட்டிஃபிகேட்டை மேஜையில் எழுதி நீட்டுபவரிடம் மட்டும் வாங்காதீர்கள். அதுவரை வெளியேற்றாமல், பழுதை ரெக்கார்ட் புக்கில் எழுதி, பில்ஜைக் கரையில் கொடுங்கள். கரைக் கட்டணத்துக்கு ஆபீஸ் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.