பழைய விஜிஏ கார்டில் 25.175 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் செத்துவிட்டது. 25 மெகாஹெர்ட்ஸ் போடலாமா?

கேட்டவருடைய நிலைமை இதுதான்: 386 கணினி, ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகும் விஜிஏ கார்டு (மானிட்டருக்குப் படம் அனுப்புவது). டாஸ் எழுத்துகள் வருகின்றன, விளையாட்டைத் திறந்தால் திரை இருண்டுவிடுகிறது. கார்டில் 25.175, 28.322 என்று இரண்டு தகர டப்பாக்கள்; கார்டுக்கு வேகத் துடிப்பு தரும் ஆசிலேட்டர்கள் அவைதான். கையில் இருப்பது 25.000, அதுவும் பாதி நீள டப்பா.

போடலாம், படம் வரும். ஆனால் ஏன் வரும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். அடுத்த கார்டில் இதே துணிச்சல் காலை வாரிவிடும்.

உங்கள் அறிகுறி 25.175-ஐத்தான் காட்டுகிறது. டாஸ் எழுத்துத் திரை ஒரு வரிக்கு 720 புள்ளி, அதற்கு 28.322 வேலை செய்யும். 320×200 விளையாட்டுகளும் 640×480 விண்டோஸும் 25.175-இல் ஓடுபவை. சந்தேகம் தீர மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து டப்பாவின் வெளியீட்டுக் காலைத் தொடுங்கள். துடிக்கும் ஆசிலேட்டர் 2 வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டும். 0-விலோ 5-இலோ அசையாமல் நின்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. மீட்டர் துடிப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லாது.

25.175 என்ற விசித்திர எண்ணுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிதான் காரணம். 640 புள்ளிகளுக்கு வெளியே ஓரம், திரும்பும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு வரிக்கு 800 துடிப்பு. 25.175-ஐ 800-ஆல் வகுத்தால் 31.469 கிலோஹெர்ட்ஸ், அதாவது அந்த ஊர் டிவியின் வரி வேகம் 15.734-ஐப் போல இரண்டு மடங்கு. 525 வரிக்கு ஒரு படம் என்றால் நொடிக்கு 59.94 படம். 1987-இல் ஐபிஎம் பிஎஸ்/2-உடன் விஜிஏ வந்தபோது வைத்த கணக்கு இது. நீங்கள் 25.000 போட்டால் வரி வேகம் 31.25, படம் 59.5. வித்தியாசம் 0.7 சதவீதம். மானிட்டர் இதைக் கண்டுகொள்ளாது.

இந்தச் சலுகை விஜிஏவோடு சரி. சீரியல் கார்டில் உள்ள 1.8432-ஐ 16-ஆல் வகுத்தால் கச்சிதமாக நொடிக்கு 115200 பிட். அங்கே "கிட்டத்தட்ட அதுதானே" என்று 2.000 போட்டால் எட்டரை சதவீதம் பிசகும். ஒரு எழுத்தின் கடைசி பிட்டுக்கு வருவதற்குள் இடம் தவறி, திரையில் கிறுக்கல்தான் வரும். சவுண்டு கார்டின் 16.9344, 24.576 இரண்டும் 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதங்களுக்காகவே பிறந்தவை. அங்கே 0.7 சதவீதம் பிசகினால் ஏதும் கெடாது, சுருதி மட்டும் லேசாக இறங்கும். காது உள்ளவர்களுக்கு அது போதும் எரிச்சல்பட. ஆட்லிப் என்ற பழைய சவுண்டு கார்டில் ஆசிலேட்டரைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அது ஸ்லாட்டின் பி30 காலில் வரும் 14.31818-ஐ நான்கால் வகுத்துப் பிழைக்கிறது.

இனி பொருத்தும் வேலை. முழு நீள டப்பா 14 கால் ஐசியின் இடத்தில் உட்காரும், ஆனால் இருப்பது நான்கே கால்: 1, 7, 8, 14. ஏழு கிரவுண்ட், எட்டு வெளியீடு, பதினான்கு 5 வோல்ட். கழற்றும்போது நான்கு காலிலும் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி, பம்பால் உறிஞ்சுங்கள். கிரவுண்ட் கால் போர்டின் அகலமான செம்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். அதைக் கடைசியாக எடுங்கள். அவசரப்பட்டுப் பிடுங்கினால் காலோடு பாதையும் உரிந்து வரும்.

அந்த இடத்தில் வட்டத் துளை உள்ள 14 கால் ஐசி பேஸ் (சாக்கெட்) ஒன்றை, போர்டில் துளை இல்லாத கால்களைக் குட்டையாக வெட்டிவிட்டு, சால்டர் செய்துவிடுங்கள். உங்கள் பாதி நீள டப்பாவின் கிரவுண்ட், வெளியீடு இரண்டும் எதிரெதிரே இருப்பதால், அவற்றை பேஸின் 7, 8-இல் செருகுங்கள். அப்போது அதன் 5 வோல்ட் கால் 11-இல் போய் நிற்கும். பேஸின் 11-இலிருந்து 14-க்கு ஒரு சிறு கம்பி, அவ்வளவுதான். பேஸின் நான்காவது காலில் நிற்பது டப்பாவின் கட்டுப்பாட்டுக் கால், அதை அப்படியே விட்டுவிடலாம்.

முழு நீளமே கிடைத்தால்தான் அந்தக் கால் தொல்லை தரும். பழைய டப்பாக்கள் பலவற்றில் முதல் கால் வெறும் கால். அதனால் சில போர்டுகளில் அதைக் கிரவுண்டில் இணைத்திருப்பார்கள். இன்று விற்பவற்றில் பலவற்றுக்கு அது நிறுத்தும் பொத்தான். கிரவுண்டானால் டப்பா வாயே திறக்காது. நல்ல டப்பாவைச் செத்தது என்று தூக்கிப்போடும் முன் மீட்டரில் இதைப் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் பேஸின் முதல் காலை வெட்டிவிட்டால் போதும்.

திசை முக்கியம். டப்பாவின் மூன்று மூலை உருண்டை, ஒன்று மட்டும் கூர்மை. கூர்மைதான் முதல் கால். திருப்பிச் செருகினால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி, விரல் சுடும் அளவுக்குச் சூடாகும். வாங்கும்போது 5 வோல்ட்டா என்று கேட்டு வாங்குங்கள், இப்போது 3.3 வோல்ட்தான் அதிகம் புழங்குகிறது. இரண்டு கால் கிரிஸ்டலைக் கொண்டுவந்து இந்த இடத்தில் வைத்தால் ஒன்றும் நடக்காது. அதைத் துடிக்க வைக்கத் தனியாக ஒரு சுற்று வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் 11.0592-உம் 3.579545-உம் கேட்டவுடன் கொடுப்பார்கள், எல்லாம் கல்லூரி புராஜெக்ட் புண்ணியம். (11.0592 என்பது 1.8432-இன் ஆறு மடங்கு; 8051 மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் அது இருப்பதும் அதே சீரியல் கணக்குக்குத்தான்.) 25.175 அங்கே கிடைப்பது அபூர்வம். பழைய இரும்புக் கடையில் 1990 வாக்கில் வந்த செத்த விஜிஏ கார்டு கிடைத்தால் அதிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு 14.31818 கிரிஸ்டல் மட்டும் உள்ள கார்டை எடுக்காதீர்கள். அதில் மற்ற வேகங்களையெல்லாம் சிப்பே உள்ளுக்குள் தயாரித்துக்கொள்ளும், உங்களுக்குக் கழற்ற டப்பா இருக்காது.