மஞ்சள் விளக்கு எரிகிறது, எந்த சென்சார் வாங்குவது?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்து எட்டு மாதம். 2014 மாடல் பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள். டாஷ்போர்டில் லாடம் மாதிரி வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு, அதாவது டயரில் காற்று குறைவதை எச்சரிக்கும் விளக்கு, எரிகிறது. டயர் கடையில், சக்கரங்களில் காற்றழுத்தத்தை அளக்கும் நாலு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள். கூட வேலை பார்ப்பவரோ, வெளியிலிருந்தே வால்வ் மேல் திருகும் சென்சார் செட்டை ஆன்லைனில் வாங்கினால் போதும் என்கிறார். எதை வாங்குவது?

இங்கே எனக்கு இது பதினாலாவது குளிர்காலம். இந்த விளக்கோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு, அப்புறம் அணையாமல் எரிகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. காற்று குறைந்தால் விளக்கு மினுக்காது, நேராக எரியும். மினுக்கினால் சென்சாரிடமிருந்து காருக்குச் செய்தியே வரவில்லை என்று பொருள். சக்கரத்துக்குள் வால்வோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த சென்சாரில் சின்ன பேட்டரி ஒன்று உண்டு. ஐந்திலிருந்து பத்து வருடம் வரும். பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற வழியில்லை, சென்சாரையே மாற்ற வேண்டும். உங்கள் காரின் வயதுக்கு அவை ஓய்வு பெறும் நேரம்தான். அந்த வகையில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஒன்று போனால் அதே வயதுள்ள மற்ற மூன்றும் பின்னாலேயே வரும்.

ஆனால் இன்றைக்கே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வின்டர் டயரை (பனிக்காலத்துக்கென்று உள்ள டயரை) என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் சென்சாரைப் பாருங்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். நம் ஒன்டாரியோவில் அப்படி இல்லை, ஆனாலும் போடுங்கள். போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்க வேண்டும். ஒரே ரிம்மில் வருடம் இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டப்போகிறீர்கள் என்றால் நாலு சென்சார் போதும். வின்டர் டயருக்கென்று தனி ரிம் வாங்குவதாக இருந்தால் எட்டு வேண்டும். அல்லது நாலு மாதம் விளக்கு எரிந்தபடியே ஓட்ட வேண்டும்.

அந்தக் கடைசி வழியைத்தான் முதல் வருடம் நான் பிடித்தேன். கனடாவில் இந்த சிஸ்டம் காரில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. அமெரிக்காவில்தான் 2007 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களில் கட்டாயம். அதே கார்கள் இங்கும் விற்பதால் நமக்கும் வந்து சேர்ந்தது. சட்டமே இல்லாதபோது எதற்குச் செலவு என்று சென்சார் இல்லாமல் வின்டர் டயரை மாட்டினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, கண்ணும் பழகிவிட்டது. பிப்ரவரியில் பின் டயரில் ஆணி ஏறி காற்று மெல்ல இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை. 401 நெடுஞ்சாலையில் நாலைந்து நாள் அப்படியே வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். வண்டி ஒரு பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கிறதே என்று இறங்கிப் பார்த்தால், டயரின் ஓரம் முழுக்க வழித்தெடுத்த மாதிரி தேய்ந்து கிடந்தது. சென்சாரில் மிச்சம் பிடித்ததை டயருக்குக் கொடுத்தேன்.

அதனால் என் கருத்து இது. தனி ரிம் என்றால் அதற்கும் உள்ளே பொருத்தும் சென்சாரே போடுங்கள். கார் கம்பெனியின் ஒரிஜினல்தான் வேண்டும் என்றில்லை. பெரும்பாலான கார்களுக்குப் புரோகிராம் செய்துகொள்ளும் பொது சென்சார்கள் கிடைக்கின்றன, விலையும் குறைவு. ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கார் தனக்குத் தெரிந்த நாலு எண்களைத்தான் கவனிக்கும். கோடை ரிம்மில் இருக்கும் எண்களை அப்படியே வின்டர் சென்சாரில் நகலெடுத்துவிட்டால் காருக்கு மாற்றமே தெரியாது. இல்லையென்றால் நவம்பரிலும் ஏப்ரலிலும் காருக்குப் புது எண்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குக் கருவி வேண்டும், அதற்குக் கடையில் தனிக் கட்டணம்.

வாங்கும்போது அலைவரிசையும் ஒத்துப்போக வேண்டும். இந்தக் கண்டத்துக் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், சிலவற்றில் 433. தப்பானதை டயருக்குள் மாட்டிவிட்டால் திரும்ப டயரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதோடு, வால்வின் தண்டு ரப்பரில் உள்ளதாகக் கேளுங்கள். சாலையில் கொட்டும் உப்பு அலுமினியத் தண்டை அரித்துவிடும்.

இதிலும் பட்டிருக்கிறேன். அழகுக்காக வால்வுக்குப் பளபளக்கும் உலோக மூடி வாங்கிப் போட்டேன். ஜனவரியில் ஒருநாள் காலை மைனஸ் பதினைந்தில் பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கப் போனால், உப்பில் மூடியும் தண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு இடுக்கியால் பிடித்துத் திருகினேன். மூடி வரவில்லை, தண்டே முறிந்து கையோடு வந்தது. ஒரு சீறல், டயர் கண் முன்னாலேயே தரையில் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் மூடியே போதும், தம்பி.

வால்வ் மேல் திருகும் செட்டைப் பற்றிக் கேட்டீர்கள். மாட்டுவது சுலபம், ஒவ்வொரு டயரின் அளவையும் திரையில் காட்டும், விலையும் மலிவு. சிஸ்டமே இல்லாத பழைய வண்டிக்குக் கோடையில் மோசமில்லை. குளிர்காலத்துக்கு எனக்கு மனது ஒப்பவில்லை. அதன் பட்டன் பேட்டரி குளிரில் சோர்ந்துபோகும். ரப்பர் வால்வின் நுனியில் கனத்தைத் தொங்கவிட்டது போலாகும். அது வால்வின் ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருப்பதால், அதன் வாஷர் விட்டுக்கொடுத்தால் அதன் வழியாகவே காற்று கசியும். காற்று அடிக்க ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும், பனி உறைந்திருந்தால் அதுவும் நடக்காது.

சில கார்களில் டயருக்குள் எதுவுமே இருக்காது. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறிதாகி வேகமாகச் சுற்றுவதை பிரேக்குக்கான ஏபிஎஸ் அமைப்பின் சக்கர வேக சென்சாரை வைத்தே கண்டுபிடிப்பார்கள். உங்களுடையது அந்த வகையாக இருந்தால் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. டயர் மாற்றியதும் காற்றைச் சரிபார்த்து ரீசெட் செய்தால் போதும். கார் கையேட்டில் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

புது சென்சார் போட்ட பிறகும் முதல் கடுங்குளிரில் விளக்கு எரியலாம், பதறாதீர்கள். வெப்பம் ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) போகும். 20 டிகிரியில் 32 அடித்த டயர் மைனஸ் பத்தில் 27க்கு வந்து நிற்கும். சொன்ன அளவில் கால்வாசி குறையும்போதுதான் விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதாவது 32க்கு 24. எனவே விளக்கு வாயைத் திறக்கும் முன்பே டயர் வெகுவாக இறங்கியிருக்கலாம். காற்றழுத்தம் பார்க்கும் சின்ன கேஜ் ஒன்றை வண்டியில் போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். அடிக்க வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும், கேபிஏ என்ற இன்னோர் அலகில் 220 என்றிருந்தால் 32 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண் அதிகபட்ச அளவு, அதை அடித்துவிடாதீர்கள்.

நாளைக்குக் கடைக்குப் போனால், பழைய சென்சார்களின் எண்களை முதலில் கருவியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி முழுக்கச் செத்த சென்சாரிலிருந்து எண் வராது, அதை மட்டும் காரின் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். "எந்த எண்?" என்று அவர் திருப்பிக் கேட்டால் வேறு கடையைப் பாருங்கள்.