கடாப்ரா ஏன் மாறவில்லை?

அன்புள்ள சார்,

டிவியில் போக்கிமான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன் நான். கேம்பாய் என்ற கையடக்க கேம் கருவியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. போன மாதம் போனில் எமுலேட்டர் (பழைய கேம்களை ஓட்டும் செயலி) போட்டு ‘போக்கிமான் ரெட்’ விளையாடினேன். மூன்று வாரத்தில் முடித்தும் விட்டேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். புல்லுக்குள் நட, சண்டை போடு, மறுபடி நட. இதைப் போய் ஏன் எல்லோரும் காவியம் மாதிரி பேசுகிறார்கள்? இன்னொரு சந்தேகமும் உண்டு. கடாப்ரா என்ற என் போக்கிமானை 60ஆவது லெவல் வரை கொண்டுவந்துவிட்டேன். அது தன் அடுத்த வடிவமான அலாகசாமாக மாறவே இல்லை. கோளாறு எமுலேட்டரிலா, கேமிலேயேவா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோளாறு எதிலும் இல்லை. கடாப்ராவை 100ஆவது லெவலுக்கே கொண்டுபோனாலும் அது அப்படியேதான் நிற்கும். கேபிள் வழியாக இன்னொருவருடைய கேம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தால்தான் மாறும். மச்சோக், கிராவலர், ஹாண்டர் மூன்றுக்கும் இதே விதி. ரெட்டில் வல்பிக்ஸ் கிடைக்காது, அதன் ஜோடி கேமான ப்ளூவில் க்ரோலித் கிடைக்காது. ஆரம்பத்தில் தரும் மூன்று போக்கிமான்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஒற்றை ஆளாக எவ்வளவு மாரடித்தாலும் பட்டியல் நிறையாதபடி வேண்டுமென்றே ஓட்டை வைத்திருக்கிறார்கள். நீங்கள் விளையாடியது பாதி கேம்.

இதைச் செய்த சதோஷி தஜிரி, டோக்கியோவின் ஓரத்தில் இருக்கும் மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்த பையன். 1989இல் கேம்பாய் வந்தபோது அதன் பக்கவாட்டில் கேபிள் செருக ஒரு துளை இருந்தது. டெட்ரிஸ் போன்ற கேம்களில் இரண்டு பேர் மோதிக்கொள்ளத்தான் அது பயன்பட்டது. தஜிரிக்கோ அந்தக் கேபிளுக்குள் பூச்சி ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவது தெரிந்தது. ‘டிராகன் குவெஸ்ட் 2’ விளையாடியபோது தனக்குக் கிடைக்காத அபூர்வத் தொப்பி நண்பரிடம் இரண்டு இருந்தும், ஒன்றை வாங்கிக்கொள்ள வழியில்லாத கடுப்பும் அவருக்கு உண்டு. கேமை முடிக்க சுமார் ஆறு வருடம் ஆனது. ரெட், கிரீன் என்று இரண்டு நிறமாக 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வந்தது. வெளிநாடுகளில் கிரீனுக்குப் பதில் ப்ளூ.

அரக்கர்களைச் சேர்த்து வளர்ப்பது இவர்களுடைய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1987இல் ஃபாமிகாம் என்ற டிவி கேம் கருவியில் வந்த ‘மெகாமி டென்செய்’யிலேயே பேய்களிடம் பேரம் பேசிக் கூட்டாளி ஆக்கிக்கொள்ளலாம். அதன் கிளையான ‘லாஸ்ட் பைபிள்’ 1992இல் கேம்பாய்க்கே வந்துவிட்டது. தஜிரி குழு புதிதாகச் சேர்த்தது எதிரே உட்கார ஒரு ஆளை.

அந்த ஆள் இல்லாமல் விளையாடினால் சலிப்பு தட்டத்தான் செய்யும். கேம்பாயில் 8 கேபி நினைவகம், 160க்கு 144 புள்ளித் திரை, நான்கு சாயல். அதற்குள் எவ்வளவுதான் காட்டிவிட முடியும்? பிழைகளும் ஏராளம். உங்கள் கடாப்ரா எதிரில் வந்ததையெல்லாம் துவைத்து எடுத்திருக்குமே? பேய்வகை அடி கடாப்ரா போன்ற சைக்கிக் வகையைச் சாய்க்க வேண்டும் என்றுதான் திட்டம். நிரலில் தவறு நேர்ந்து, அந்த அடி அதன்மேல் படவே படாமல் போனது. போதாததற்கு ‘ஸ்பெஷல்’ என்ற ஒரே எண் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் சேர்த்து வேலை செய்தது. 1999இல் வந்த அடுத்த கேம்களான கோல்டு, சில்வரில் அந்த எண்ணை இரண்டாக உடைத்தார்கள். டார்க், ஸ்டீல் என்று இரண்டு வகைகளையும் புதிதாக இறக்கினார்கள். கடாப்ராவின் ஆட்டம் கொஞ்சம் அடங்கியது.

மியூ கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடியும் நேரத்தில் சோதனைக் கருவிகளை நீக்கியதில் சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. நிரலாளர் ஷிகெகி மொரிமொட்டோ அதற்குள் 151ஆவது போக்கிமானாக மியூவைச் சத்தமில்லாமல் செருகிவிட்டார். பிள்ளைகள் நடுவே வதந்தி பரவியது. கொரோகொரோ பத்திரிகை 20 பேருக்கு மியூ தருவதாக அறிவித்ததும் 78,000 விண்ணப்பங்கள் குவிந்தன. ஏழு வயதான கேம்பாய்க்கு மறுபடி உயிர் வந்ததில் இந்த வாய்வழிப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு இதெல்லாம் புரிந்தது ஒரு கோடை விடுமுறையில். சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது இரண்டு கேம்பாய் கலர் கொண்டுவந்திருந்தான். கேபிள் குட்டை. முட்டியும் முட்டியும் இடிக்க, திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். என் ஹாண்டர் பந்துக்குள் போய், திரையில் வரைந்திருந்த கேபிள் வழியாக மெல்ல நகர்ந்தது. அந்தப் பக்கம் ஜெங்காராக எழுந்தது. இப்போது திருப்பிக் கொடு என்றேன். “எதுக்கு? மாத்திக்கிட்டாச்சுல்ல?” என்றான். எனக்கு வந்திருந்தது எங்கும் கிடைக்கும் ஒரு ரட்டாட்டா. சித்தி வந்து பஞ்சாயத்து பண்ணும்வரை கேபிளை யாரும் கழற்றவில்லை.

அப்புறம் இந்தக் கேபிள் நீண்டுகொண்டே போனது. 2002இல் ரூபி, சஃபையர் வந்தபோது பழைய கேமில் சேர்த்த எதையும் கொண்டுவர முடியவில்லை. பலருக்கு அது இன்னும் ஆறாத வருத்தம். 2006இல் டைமண்ட், பேர்ல் இணையத்தோடு இணைந்தன. அந்த நாட்களில் இன்னது வேண்டும் என்று எழுதிப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்து காத்திருக்கும். 2013இல் எக்ஸ், ஒய். முகம் தெரியாத ஒருவருக்கு ஒன்றை அனுப்பினால் பதிலுக்கு எது வரும் என்றே தெரியாது. எனக்கு இது பிடித்திருந்தது, ஆனால் யாரோடும் சண்டை போட முடியவில்லை. 2022இல் வந்த ‘லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அதில் ‘லிங்கிங் கார்ட்’ என்று ஒரு பொருள் உண்டு. அதைக் கடாப்ராமேல் பயன்படுத்தினால் போதும், அலாகசாம் தயார். பக்கத்து ஆளையே சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டார்கள்!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். சில எமுலேட்டர்களில் இரண்டு கேமைத் திறந்து தனக்குத்தானே கொடுத்து வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அலாகசாம் கிடைத்துவிடும். ஆனால் என்னைக் கேட்டால், ப்ளூ விளையாடும் ஒரு நண்பரைப் பிடியுங்கள். அவரிடம் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மச்சோக் கட்டாயம் இருக்கும். திருப்பித் தருவாரா என்பதை மட்டும் கடாப்ராவை அனுப்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.