சீர் செஞ்சாச்சுன்னா பங்கு போயிடுமா?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சங்கதி: பெரியவர் உயில் எழுதாமல் போய்விட்டார், வீடு யாருக்கு? கடைசிக் கேள்வி தவிர மற்றவற்றுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பதில் எழுதியிருக்கிறேன்.

கோபி பக்கத்தில் தொட்டிக்கட்டு வீடு. அப்பா சுயசம்பாத்தியத்தில் வாங்கியது. 2019-ல் இறந்துட்டார். அம்மா, அண்ணன், நான் இருக்கிறோம். அப்பாவைப் பெத்த ஆத்தா 2022-ல் தவறிட்டாங்க. அப்பாரு (அப்பாவோட அப்பா) அதுக்கு முன்னாடியே இல்லை. "60 பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, இனி உனக்கென்ன பங்கு"ங்கிறார் அண்ணன். சித்தப்பா வேற தனக்கும் பாத்தியம் இருக்குதுங்கிறார். அவருக்கு எப்படிங்க வரும்?

சித்தப்பா சொல்வது சரிதான். அண்ணன் சொல்வதுதான் தப்பு.

உங்கள் அப்பா கண்மூடிய அன்றைக்கே வீடு நாலு சம பங்காகிவிட்டது: அம்மா, அண்ணன், நீங்கள், ஆத்தா. மகன் இறந்தால் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2022-ல் ஆத்தாவும் உயில் எழுதாமல் போனதால் அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்குகிறது. சித்தப்பாவோடு அத்தை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கால் பங்கு மூன்றாகி, உங்கள் அப்பா வழிக்கு வரும் பகுதி உங்களுக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி. இந்த இடத்தில் அம்மாவுக்கு ஒன்றும் வராது. மாமியார் சொத்தில் மருமகளைச் சட்டம் சேர்க்கவில்லை.

வீட்டை 24 பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 7, அண்ணன் 7, அம்மா 6, சித்தப்பா 2, அத்தை 2. ஆத்தா இருக்கும்போதே ஒரு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக் கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கியிருந்தால் இந்த 2-ம் 2-ம் வந்திருக்காது.

இனி சீர். ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு அண்ணன் என் மேசை மேல் நீளக் கணக்கு நோட்டு ஒன்றை வைத்தார். முனையில் மஞ்சள் தடவியிருந்தது. இத்தனை பவுன், பித்தளை அண்டா, குத்துவிளக்கு ஜோடி, கிரைண்டர் என்று தங்கச்சி கல்யாணச் செலவு அத்தனையும் பைசா சுத்தமாக எழுதியிருந்தது. நல்ல கணக்கு, ஆனால் சீர் நோட்டு விடுதலைப் பத்திரம் ஆகாது. கல்யாணத்துக்குப் போட்ட நகையைப் பாகத்தில் கழிக்கச் சொல்லி வாரிசுச் சட்டத்தில் எங்கும் இல்லை. கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீருக்கு மட்டும் கூடப்பிறந்தவள் முன்னால் நிற்க வேண்டும், பாகம் என்றால் "கட்டிக் கொடுத்தாச்சு" என்பது என்ன நியாயமோ!

"89-க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்குக் கிடையாது" என்று ஊரில் இன்னும் ஒரு பேச்சு ஓடுகிறது. அது 25.3.1989-க்கு முன் மணமான பெண்களை விலக்கி வைத்த தமிழ்நாட்டுத் திருத்தத்தின் மிச்சம், அதுவும் பூர்வீகச் சொத்துக்கு மட்டும். 2005 மத்தியத் திருத்தத்துக்குப் பின் அது செல்லாது. அப்பா அந்தத் திருத்தத்துக்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பூர்வீகத்தில் உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன் முறையாகப் பாகமான சொத்தை மட்டும் கிளற முடியாது. உங்கள் வீடோ சுயசம்பாத்தியம். அதில் மகளுக்கு 1956-லிருந்தே பங்கு. அதற்கும் முந்தைய சாவுகளில்கூட, அப்பாவின் சுயசம்பாத்தியம் மகளுக்கு இறங்கும் என்று அருணாசலக் கவுண்டர் – பொன்னுசாமி வழக்கில் 2022-ல் தீர்ப்பானது.

தம்பி தன் பேருக்கு மட்டும் பட்டா மாத்தி, வீட்டை விக்க அட்வான்சும் வாங்கிட்டான். (பல்லடம்)

பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமை மூலம் அல்ல. வாரிசுச் சான்றும் அப்படித்தான்: யார் வாரிசு என்று சொல்லும், பாத்தியத்தைக் கொடுக்காது. தாசில்தாருக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், கேட்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. தம்பி கிரயம் செய்தாலும் அவன் பங்கு மட்டும்தான் போகும். அவன் பங்கை விற்பதானால், வெளியாளுக்கு முன் உங்களுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. அட்வான்ஸ் வரை போய்விட்டதால் தாமதிக்காமல் பாகப்பிரிவினை வழக்கும் தடையுத்தரவு மனுவும் போடுங்கள்.

அக்காமார் மூணு பேரும் பங்கு வேண்டாமுன்னு 20 ரூபாய் பத்திரத்துல எழுதிக் கொடுத்துட்டாங்க. நோட்டரி சீலும் இருக்குது. போதுமுங்களா? (தாராபுரம்)

போதாது. வீட்டுப் பங்கை விட்டுக் கொடுப்பது பதிவாக வேண்டும். நோட்டரி சீல் எத்தனை இருந்தாலும் அதற்கு ஈடாகாது. கூடப்பிறந்தவர்களுக்குள் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் ஏற்றியது. அக்காமாருக்கு மனசு மாறுவதற்குள் சார்பதிவாளர் அலுவலகம் போய் வந்துவிடுங்கள்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை, இறந்துட்டாங்க. எங்க அப்பா வழியில வந்த வீடு அவங்க பேர்ல இருக்குது. மச்சான் தனக்குத்தான்ங்கிறார். (பெருந்துறை)

எப்படி வந்தது என்று மூலப்பத்திரத்தைப் பாருங்கள். அப்பா உயிலின்றி இறந்து, வாரிசாக அக்காவுக்கு வந்திருந்தால், பிள்ளையில்லாத நிலையில் அது அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். அப்பா உயிரோடிருந்து செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் கதை மாறும். அப்போது மச்சான் சொல்வதுதான் சரி.

அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்குது. அவங்களுக்கும் பங்கு உண்டுங்களா? (கரூர்)

முதல் மனைவி இருக்கும்போது கட்டியவருக்கு இல்லை. அவர் பிள்ளைகளுக்கு அப்பா சொத்தில் உங்களைப் போலவே பங்கு உண்டு.

லாரி ஓட்டிட்டிருந்த வீட்டுக்காரர் 38 வயசுல போயிட்டார். பையனுக்கு 10, பாப்பாவுக்கு 7. அவர் வாங்கின வீட்டை வித்துக் கடனை அடைக்கலாமுங்களா? (நாமக்கல்)

உங்கள் பங்கை நீங்கள் விற்கலாம். பிள்ளைகள் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாமல் விற்றால் 18 வயதானபின் மூன்று வருடத்துக்குள் அவர்கள் அதை ரத்து செய்யக் கேட்கலாம், விவரம் தெரிந்தவர் வாங்க யோசிப்பார். மாமியார் இருந்தால் அவர் கையெழுத்தும் தேவை. கடனைப் பொறுத்தவரை பயப்படாதீர்கள்: நீங்கள் ஜாமீன் போட்டிருக்காவிட்டால், அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு.

நாங்க கிறிஸ்தவங்க. எங்களுக்கும் இதே கணக்குத்தானா? (கோவை)

இல்லை. 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவர் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதி ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக.