குழம்பில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியற்காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாவிட்டால் கை நடுக்கம் நிற்பதில்லை, கத்தி பட்டையைத் தாண்டி மரத்திலேயே இறங்கிவிடுகிறது. போன வருஷம் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்து ஆட்கள் வேனில் வந்து தூக்கிப் போனார்கள். பணம் கட்டினோம், பார்க்க விடவில்லை. திரும்பி வந்தவர் "அடிச்சாங்க" என்று மட்டும் சொன்னார், அந்த வாரமே குடித்தார். இப்போது கொழுந்தன் மறுபடி வேனைக் கூப்பிடலாம் என்கிறார். மைனி, சாப்பாட்டில் கலக்க மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஊரில் பைத்தியம் என்பார்களே?
- மார்த்தாண்டம் பக்கத்து வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் மைனியைத் தடுத்து நிறுத்துங்கள். இப்படிக் கலக்கச் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிரம் மாத்திரையைத்தான். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் 2 வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும். அவர் சம்மதித்து, டாக்டர் பரிசோதித்துக் கொடுத்தால்தான் அது மருந்து, தெரியாமல் போட்டால் விஷம்.

வேன் விஷயம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் குடி, போதைப் பாதிப்புக்கான சிகிச்சையும் வருகிறது. எந்த மையமானாலும் பதிவுச் சான்று இருக்க வேண்டும், சங்கிலியால் கட்டக் கூடாது, வீட்டாரோடு பேச விட வேண்டும். "ஒரு மாசம் யாரும் பார்க்க வரக்கூடாது" என்று முதல் நாளே சொல்கிற இடத்தில் ஆளை விடாதீர்கள். போன வருஷம் நடந்ததற்கு கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், அவர் அடி வாங்கியதை ஒன்றுமில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயமாக இருந்தது அந்தக் கை நடுக்கம்தான். உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் 3, 4-ஆம் நாளில் ஆள் புரியாமல் உளறி, இல்லாததைப் பார்த்துப் பயந்து, காய்ச்சலும் வேர்வையுமாகக் கிடக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாட்களைத் தாண்ட மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் தருவார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டுங்கள், எப்போது கடைசியாகக் குடித்தார், எவ்வளவு குடிப்பார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஊர் வாய்க்குப் பயந்து வலிப்பு வரும்வரை காத்திருக்க முடியுமா? இப்போது போகத் தயங்கினால் 14446-க்குப் பேசிப் பாருங்கள், இலவசம், அவரே பேசினால் இன்னும் நல்லது.

அவரிடம் எப்போது பேசுவது என்று கேட்பீர்கள். ராத்திரி போதையில் வேண்டாம், வெட்டு முடிந்து வந்து தெளிவாக இருக்கிற நேரத்தில், கை நடுங்குவதை மட்டும் பேசுங்கள். அந்த நடுக்கத்தை அவரும் வெறுக்கிறார், நிறைய பேர் சிகிச்சைக்குச் சம்மதிப்பது அந்த இடத்தில்தான். சிகிச்சை முடிந்து வந்த பிறகு மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று கைவிடாதீர்கள், அடுத்த நாளே அதே டாக்டரிடம் போங்கள். குடியை விட்டவர்களே கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது, எங்கே நடக்கிறது என்று மருத்துவமனை ஆலோசகரிடம் கேளுங்கள். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் இருக்கிறது. உங்களுக்கும் தூக்கம் வேண்டும் தங்கச்சி, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் கஞ்சா பிடிக்கிறான். டாக்டரிடம் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?
- குளச்சல் வாசகர்

பதில்: அண்ணாச்சி, சிகிச்சைக்கு வருகிறவனைப் பிடித்துக் கொடுப்பது டாக்டரின் வேலை இல்லை. சிறிய அளவு வைத்திருந்ததாக வழக்கே வந்தாலும், தானாக அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடிப்பவருக்கு விலக்குத் தர போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ பிரிவு இருக்கிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும். தம்பியை இந்த வாரமே கூட்டிப் போங்கள், டாக்டரிடம் அவன் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள்.